ஐந்தும் ஆறும்

இரண்டாவது சுற்றின் முடிவிலேயே பிழை விட்டுவிடு. மூன்றாவதுக்குள் போகவிடாதே. அதற்குள் போனால் கைகள் தம்பாட்டில் ஓடத் தொடங்கிவிடும். பிறகு உன்னால் குழப்ப ஏலாது.

கஜந்தி உதடு அசையாமல் இதைத் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலக்கையில் மூன்றாம் மணி, இடக்கையில் நான்காம் மணி. தோல் பிடிகள் உள்ளங்கை வியர்வையில் வழுக்கின. எதிரே, முதுகுக்கும் முழங்கைகளுக்கும் தலையணை கொடுத்துச் சாய்கதிரையில் இருந்த அக்கா ஆரணியிடம் ஐந்தும் ஆறும். இருவருக்கும் நடுவில், சாப்பாட்டுமேசைக் கதிரையைத் திருப்பிப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மக்டலீன் அக்காவிடம் ஒன்றும் இரண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆரணியின் மூக்கிலிருந்து இறங்கிய மெல்லிய குழாய் தரையில் வளைந்து, சுவரோரம் இரைந்துகொண்டிருந்த ஒட்சிசன் பெட்டியில் போய் முடிந்தது.

எல்லாவற்றிலும் சிறியதான ஒன்றாம் மணி, மற்ற மணிகளின் ஊடே புகுந்து முன்னுக்கு வந்துகொண்டிருந்தது. அது முன்னுக்கு வந்து சேரும் அந்த இடத்தில் கஜந்தியின் வலக்கை அக்காவின் ஆறோடும், இடக்கை மக்டலீன் அக்காவின் இரண்டோடும் ஒரே நேரத்தில் இடம் மாறவேண்டும். வலக்கை போகவேண்டிய இடத்தில் அவள் இடக்கையைப் போட்டாள். இரண்டு மணிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அடுத்த இடம் வெறுமையாகப் போனது. அதற்கடுத்த வரிசையில் யார் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

"நில்," என்றாள் ஆரணி.

மூவரும் நிறுத்தினார்கள்.

"பறவாயில்லை," என்றார் மக்டலீன். "எல்லாரும் அந்த இடத்திலதான் விழுறது. நான் கொவென்ட்ரியில ஒரு வருசமா அதுக்குள்ள விழுந்து கிடந்தனான்."

ஆரணி மூச்சை வாங்கிக்கொண்டு தங்கையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மக்டலீன் பாசையூரில் பிறந்து, இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்து, கணவர் இறந்தபின் மகனோடு வாழ ஜெர்மனியின் ஹம் நகரத்துக்கு வந்தவர். இங்கிலாந்தில் அவருடைய பங்குக் கோவிலில் மணிக்கூண்டுக்கு ஆள் பற்றாதென்று ஒருநாள் கயிற்றைப் பிடிக்கப் போனவர், பிறகு விடவில்லை. புறப்படும்போது கோவில் மணிக்காரர்கள் ஆறு கைமணிகளை ஒரு மரப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். தமிழ்ப் பாடசாலை விழாவில் அவர் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டியபோது, வடை பொரித்துக்கொண்டிருந்த ஆரணி கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். மூன்று பேர் இல்லாமல் இதை அடிக்க முடியாது. ஆரணிக்கு வேண்டிய மூன்றாவது ஆள் எப்போதும் கஜந்திதான்.

இது பாட்டு இல்லை. மெட்டும் இல்லை. சிறியதிலிருந்து பெரியதுக்கு ஆறு மணிகளும் முதலில் வரிசையாக அடிக்கும். பிறகு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மணியும் ஓர் இடம் முன்னோ பின்னோ நகரும். ஒருமுறை வந்த வரிசை மறுபடி வரக்கூடாது. சின்ன மணி முன்னுக்கு வரும் நேரத்தில் மற்றவை ஓர் அடி பின்வைத்து, பிறகு தம் வழியில் போகும். அதை டொட்ஜ் என்பார் மக்டலீன். அதோடு ஒரு சுற்று முடியும். அப்படி ஐந்து சுற்று. யாரும் பிழை விடாவிட்டால், ஐந்தாவதின் முடிவில் மணிகள் தொடங்கிய வரிசைக்கே வந்து சேரும். தாளைப் பார்த்து அடிக்கக்கூடாது. எல்லாம் தலைக்குள் இருக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு கைகள், இரண்டு கைகளுக்கும் வெவ்வேறு வழிகள்.

ஆரணி இதை பஸ்ஸில் போகும்போதும், மருத்துவமனை நடைக்கூடத்திலும், கறி கொதிக்கும்போதும் மனதுக்குள் ஓட்டிப் பழகினாள். அறுபது வரிசையும் அவளுக்குத் தெரியும். தன்னுடையவை மட்டுமல்ல, மற்ற இருவருடையவையும். கஜந்திக்கு எண்கள் தலையில் நிற்பதில்லை. முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்பவள் அவள். பெரிய விரிப்பை இரண்டு பேர் மடிக்கும்போது எதிர் எதிரே நடந்து வந்து, விளிம்பைக் கொடுத்து, ஓர் அடி பின்போய், மறுபடி வருவதுதான் டொட்ஜ் என்று ஒருநாள் அவளுக்குப் பிடிபட்டது. அதற்குப் பிறகு கைகள் தாமாகவே போகத் தொடங்கின. ஒரு மாதத்துக்கு முன்னால் தனியே, கட்டில் விளிம்பில் இருந்து, காற்றில் கைகளை மட்டும் ஆட்டி அவள் ஐந்து சுற்றையும் முடித்தாள். யாருக்கும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அடித்துக் காட்டலாம் என்று நினைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆரணி, இப்போது இருக்கும் இதே சாய்கதிரையில் இருந்துகொண்டு, "உதை ஒருக்கா முழுசா அடிச்சிட்டால் எனக்குக் காணும்," என்றாள்.

சலவை அறையிலிருந்து மேல் மாடிகளுக்கு விரிப்புகளை ஏற்றிக்கொண்டு போகும்போது கஜந்தி பார்த்திருக்கிறாள். பேத்தியின் கலியாணம் வரைக்கும் இருந்த கிழவியை. பேரனின் சோதனை முடிவு வரட்டும் என்று இருந்தவரை. அது நடந்த மறுநாள் அந்த அறையின் விரிப்பு கீழே வந்துவிடும். தாதிகளுக்கு அது புதினமில்லை, அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். காணும் என்று, இனிப் போதும் என்று அக்கா சொன்ன நாளிலிருந்து கஜந்தி இரண்டாவது சுற்றின் முடிவைத் தாண்டவில்லை.

வாசலில் அத்தான், ஆரணியின் கணவர் சிறீதரன், நின்றார். கையில் தொலைபேசி இருந்தது. இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"சுபானி வந்த ப்ளேன் இறங்கிட்டுதாம். டுசல்டோர்ஃபில ரயிலும் ஏறிட்டாளாம்."

"சாப்பிட்டவளாமோ?" என்றாள் ஆரணி.

"அதைக் கேக்கேல்ல."

"கேக்கவேண்டியதை மட்டும் கேளாதையுங்கோ."

அவர்களின் ஒரே மகள் சுபானி. லிஸ்பனில் படிப்பின் கடைசிப் பயிற்சியில் இருந்தாள். நேற்று முன்தினம் வந்த மருத்துவர் ஆரணியின் காலில் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, நடைக்கூடத்தில் வைத்து, மகளைக் கூப்பிடுவதென்றால் கூப்பிடுங்கள் என்றார். இன்று காலை வந்தபோது அதைக்கூடச் சொல்லவில்லை. சும்மா கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். இதயம் இனி எவ்வளவு தூரம் இழுக்கும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. இன்றைக்கோ, அடுத்த கிழமையோ.

"கொஞ்சம் படன், ஆரணி," என்றார் சிறீதரன்.

"படுத்தால் தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி இருக்கு. இருந்தால் மணியாவது அடிக்கலாம்."

"கீழ் வீட்டு மனிசி என்னைப் படியில மறிச்சுக் கேக்குது, உங்கட வீட்டில ஐஸ்கிரீம் வான் ஏதும் வைச்சிருக்கிறியளோ எண்டு."

மக்டலீன் சிரித்தார். ஆரணியும் சிரிக்கப் போனாள். அது இருமலாகிவிட்டது. சிறீதரன் ஓடி வந்து முதுகைத் தடவினார். இருமல் அடங்கியதும் அவள் அவருடைய கையை மெல்ல எடுத்து அகற்றினாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் ஸ்டேசனுக்குப் போங்கோ."

"ரயில் வர எவ்வளவு நேரம் இருக்கு."

"அங்க போய் நில்லுங்கோ. இஞ்ச நிண்டு கதவைத் திறந்து திறந்து மூடுறதுக்கு அங்க நிக்கலாம்."

நடந்தே போகக்கூடிய தூரம். மகளிடம் பெட்டி இருக்கும் என்று சொல்லிக் கார்ச் சாவியை எடுத்தார். சப்பாத்துப் போடும்போது கஜந்தியை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையாட்டினாள். பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கு. கதவு மூடியபின் அவர் படியிலேயே சற்று நேரம் நின்றதும், பிறகு இறங்கிப் போனதும் கேட்டது.

"நான் தேத்தண்ணி வைக்கிறன்," என்று எழுந்தார் மக்டலீன். கஜந்தியைக் கடக்கும்போது, மணிகளை மேசையில் விரித்திருந்த துவாயில் வைக்கக் குனிவதுபோலக் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார். "உன்ர அக்காவுக்குக் காலில வருத்தம், நெஞ்சில வருத்தம். காதில ஒண்டும் இல்லை, பிள்ளை."

குசினியில் தண்ணீர் திறந்த சத்தம் கேட்டது. ஒட்சிசன் பெட்டி இரைந்தது.

"கஜந்தி."

"ம்."

"இஞ்ச பார்."

கஜந்தி பார்க்கவில்லை. மேசையில் துவாயின் விளிம்பை இழுத்து நேராக்கினாள்.

"உனக்கு வழி தெரியாமப் போனால் உன்ர கை மேல நிண்டு யோசிக்கும். ரண்டு வருசமாப் பாக்கிறன். யோசிச்சுப்போட்டுப் பிந்தி வரும். இப்ப கொஞ்ச நாளா நீ நேரத்துக்கு அடிச்சுப் பிழை விடுறாய்."

"களைப்பு, அக்கா. கிழமை முழுக்கக் காலமைச் சிஃப்ட்."

"களைச்சவளுக்கு நேரம் தப்பும். உனக்கு நேரம் தப்பேல்ல. ஒவ்வொருக்காலும் ஒரே இடம். வடிவா, நேரத்துக்கு, பிழையான கை."

கஜந்தி துவாயின் விளிம்பை மறுபடி இழுத்தாள். சின்ன வயதிலும் அப்படித்தான். அக்கா கண்டுபிடித்துவிட்டால் இல்லை என்றும் சொல்லமாட்டாள், ஓம் என்றும் சொல்லமாட்டாள்.

"சுபானிக்காகவோ?"

"அவள் வரட்டுமே. வந்தாப்பிறகு அடிப்பம். அவளும் கேக்கட்டும்."

"அவள் வந்தால் அழுவாள். அவள் அழுதால் ஆறாம் மணி எங்க போகுதெண்டு எனக்குத் தெரியுமோ? அவள் வந்தாப்பிறகு நான் அம்மா. பிள்ளை குளிச்சிட்டாளோ, பிள்ளைக்குக் கட்டில் விரிச்சாச்சோ, பிள்ளை என்ர முகத்தைப் பாத்துப் பயப்பிடுறாளோ. அதுக்கு எனக்கு மூச்சு வேணும். இது அதுக்கு முந்தி."

"கொஞ்ச நேரம்தானே, அக்கா."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். பேச்சில் ஒரு வசனத்துக்கு ஒரு மூச்சு போதவில்லை. கழுத்தின் ஓரத்தில் நாளம் துடிப்பது தெரிந்தது.

"நான் இதை முடிச்சால் போயிடுவன் எண்டு நினைக்கிறாய். இது என்ன, பஸ்ஸுக்கு நிண்டு ஏறிப் போற கதையோ?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள், காணும் எண்டு."

"என்ன காணும்?"

"முழுசா அடிச்சிட்டால் எனக்குக் காணும் எண்டு."

ஆரணி அவளை உற்றுப் பார்த்தாள். அப்படி ஒன்றைச் சொன்னது அவளுக்கு நினைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கஜந்திக்கு அது தாங்கமுடியாததாக இருந்தது. ஒரு மாதமாகத் தான் சுமந்த வசனம் அக்காவுக்கு வாயில் வந்து போன ஒன்று.

"எடியே," என்றாள் ஆரணி மெதுவாக. "அது சும்மா ஒரு கதைக்குச் சொல்லியிருப்பன்."

பிறகு யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இந்த வீட்டில நான் தொடங்கின எதை முடிச்சிருக்கிறன், சொல்லு. தையல் வகுப்புக்குப் போனன். சுபானியின்ர சட்டை ஒரு கையோட இன்னும் அலுமாரிக்குள்ள கிடக்குது. தொழில் படிக்க அவுஸ்பில்டுங் தொடங்கினன், பாதியில விட்டன். புத்தகம் எடுத்தாலும் அப்பிடித்தான். ஃபோன் அடிக்கும். ஆரணி அக்கா, ஒரு கடிதம் வந்திருக்கு, கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்கோ. ஆரணி அக்கா, நாளைக்கு டொக்டரிட்ட டெர்மின், கூட வாறியளோ. மற்றவைக்கு அன்ட்ராக் படிவம் நிரப்பி நிரப்பியே என்ர கையெழுத்து மாறிப் போச்சுது. நான் ஒராளையும் குறை சொல்லேல்ல. நானும் மாட்டன் எண்டு சொல்லேல்லத்தானே. ஆனா எனக்கு ஒண்டு வேணும். முதலில இருந்து கடைசி வரைக்கும். இடையில ஒருத்தரும் கூப்பிடாமல்."

கஜந்திக்குத் தெரியும், கூப்பிட்டவர்களில் முதல் ஆள் தான் என்று. கிழக்கு பெர்லினில், ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி இந்தப் பக்கம் வந்த அக்கா, வழி தெரிந்தபின் தங்கையையும் இங்கே எடுத்தாள். வந்த நாள் முதல் கஜந்தியின் வாய் அக்காதான். பல் வைத்தியரிடம், வீட்டுக்காரனிடம், பிள்ளைகளின் ஆசிரியரிடம், வேலைக்கு எடுத்த பெண்ணிடம்கூட. சலவை அறை மேலாளர் அவளிடம் ஏதாவது கேட்டால் அவள் முதலில் சிரிப்பாள், பிறகு, அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பாள். இத்தனை வருடங்களில் ஜெர்மன் விளங்காமல் இல்லை. விளங்கும். பேசத் தேவைப்படவில்லை.

சுபானிக்காக என்பது பொய்யில்லை. அந்தப் பிள்ளை நேற்றிரவு தொலைபேசியில், சித்தி, அம்மாவைப் பாத்துக்கொள்ளுங்கோ, நான் வந்திடுவன் என்று அழுததும் பொய்யில்லை. ஆனால் இரண்டாவது சுற்றின் முடிவில் ஒவ்வொரு தடவையும் கை தவறான பக்கம் போனபோது, அந்த நொடியில், சுபானியின் முகமா மனதில் இருந்தது? அவள் யோசித்துப் பார்த்தாள். இல்லை. அக்கா இல்லாத திங்கட்கிழமை ஒன்று இருந்தது. அதில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. எடுக்க அவள் மட்டும் இருந்தாள்.

இதை அக்காவுக்குச் சொல்லமுடியாது. சொன்னால் அதற்கும் அக்கா ஒரு வழி சொல்லிவிடுவாள்.

மக்டலீன் தேநீரோடு வந்தார். ஆரணி இரண்டு மிடறு குடித்தாள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தபோது அவளுடைய விரல்கள் வீங்கி, நகங்கள் நீலம் பாரித்திருந்ததைக் கஜந்தி பார்த்தாள். காலையில் இவ்வளவு நீலம் இல்லை.

"ஒருக்கா," என்றாள் ஆரணி.

"கொஞ்சம் பொறுத்து அடிப்பமே," என்றார் மக்டலீன்.

"அக்கா, ஒருக்கா."

"அப்ப ஒண்டையும் ரண்டையும் நீ பிடி. பாரமில்லை. நான் பின்னுக்கு அடிக்கிறன்."

"என்ர ஐஞ்சும் ஆறும் எனக்கு வேணும். கஜந்தி, ஃபோனைச் சத்தமில்லாமல் வை."

"அத்தான் கோல் எடுத்தால்?"

"எடுக்கட்டும்."

கஜந்தி தொலைபேசியின் சத்தத்தை நிறுத்தி யன்னல் விளிம்பில் வைத்தாள். திரை தெரியும்படி நிமிர்த்தி வைத்தாள். அதை ஆரணி கண்டாள். கஜந்தி தன் இடத்தில் வந்து உட்கார்ந்து, மூன்றையும் நான்கையும் துவாயிலிருந்து எடுத்தாள். பிழை விட்டுவிடுவேன், என்று நினைத்தாள். அக்கா கோபிக்கட்டும். கோபம் இருந்தால் இன்னும் கொஞ்சம் இருப்பாள்.

"கவனம்," என்றார் மக்டலீன். சின்ன மணியை வைத்திருப்பவர் சொல்லவேண்டியது அது. "ஒண்டு போகுது. போட்டுது."

ஆறு மணிகளும் வரிசையாக இறங்கின. இரண்டு மூன்று முறை அப்படியே, மூவரின் கைகளும் ஒன்றாய் இழையும் வரைக்கும். "தொடங்கு," என்றாள் ஆரணி. வரிசை அவிழ்ந்தது.

நான்கு முன்னுக்கு இறங்கியது, மூன்று பின்னுக்குப் போனது. ஆரணியின் கைகள் தலையணையிலிருந்து அதிகம் எழவில்லை. மணிக்கட்டு மட்டும் அசைந்தது. ஆனால் அடி சரியாக விழுந்தது. முதலாவது சுற்றின் முடிவில் நான்கும் அக்காவின் ஆறும் பின்வரிசையில் இடம் மாறிக்கொண்டன, பழகிய இரண்டு பேர் ஒடுங்கிய படியில் ஒதுங்கி வழி விடுவதுபோல. கஜந்தி அடுத்ததை எண்ணத் தொடங்கினாள். எண்ணுவது அவளுக்கு வழக்கமில்லை. குழப்புவதற்காகத்தான் எண்ணப் பழகியிருந்தாள்.

சின்ன மணி முன்னுக்கு வந்துகொண்டிருந்தது. இதோ. வலக்கை அக்காவின் ஆறோடு. இடக்கை மக்டலீன் அக்காவின் இரண்டோடு. அவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். தன்னைக் கண்காணித்துக்கொண்டிருப்பாள் என்று எதிர்பார்த்தாள். ஆரணி அவளைப் பார்க்கவில்லை. கண்கள் பாதி மூடியிருந்தன. இவள் மூன்றோடு வந்து சேர்வாள் என்பதில் சந்தேகமே இல்லாதவளைப்போல ஆறைத் தன் இடத்தில் வைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு உயர்த்தியிருந்தாள்.

மூன்று போய்ச் சேர்ந்தது. நான்கும் போய்ச் சேர்ந்தது.

மக்டலீன் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. மூன்றாவது சுற்று திறந்துகொண்டது. அதற்குப் பிறகு கஜந்தி பயந்ததுபோலவே நடந்தது. கைகள் அவளிடம் கேட்கவில்லை. விரிப்பின் விளிம்பு வந்தது, கொடுத்தாள், பின்போனாள், மறுபடி வந்தாள். நான்கு அக்காவின் ஐந்தைச் சந்தித்தது. மூன்று பின்னால் இரண்டைச் சந்தித்தது. அறை முழுக்கச் சத்தமாக இருந்தும் அவளுக்கு அது மிகவும் அமைதியான இடமாகத் தோன்றியது. இதற்குள் யாருக்கும் எதையும் மொழிபெயர்க்கவேண்டியதில்லை. இதைத்தான் அக்கா கேட்டிருக்கிறாள்.

நான்காவது சுற்றில் யன்னல் விளிம்பில் தொலைபேசி வெளிச்சமானது. அத்தானின் பெயர். இருட்டானது. மறுபடி வெளிச்சமானது. கஜந்தி தலையைத் திருப்பவில்லை, திருப்பினால் இடம் போய்விடும். சின்ன மணி முன்னுக்கு வந்தது. அவளுடைய மூன்று பின்வரிசையில் அக்காவின் ஐந்தோடு மாறவேண்டும். மூன்று வந்துவிட்டது. ஐந்து வரவில்லை.

ஆரணியின் வலக்கை மேலே நின்றது. நின்று யோசித்தது.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இது தானாக விழுந்துவிடும். யாருடைய குற்றமும் இல்லை. அக்காவே பிழை விட்டாள், அக்காவே நில் என்பாள், மருந்துத் துளி கொடுக்கலாம், கால்களைத் தூக்கி வைக்கலாம், சுபானி படியேறி வந்துவிடுவாள்.

"அக்கா," என்றாள் கஜந்தி. "ஐஞ்சு. என்ர மூண்டோட."

ஐந்து வந்தது. பிந்தி வந்தது, ஆனால் தன் இடத்தில் வந்து விழுந்தது. தன் வாழ்நாளில் அக்காவுக்கு எங்கே போகவேண்டுமென்று சொன்னது இதுதான் முதல் தடவை என்பது கஜந்திக்கு அடுத்த வரிசையில்தான் உறைத்தது.

"ஆறு முன்னுக்கு," என்றாள் மறுபடி, ஆரணியின் இடக்கை தளர்வதைக் கண்டு. "இன்னும் ஒண்டு. ஓம். இப்ப ஐஞ்சு."

ஆரணி கேட்டாள். சொன்ன இடத்துக்கெல்லாம் வந்தாள். உதட்டின் ஓரம் இலேசாக இழுபட்டது, சிரிக்கிறாளா மூச்சுக்குத் தவிக்கிறாளா என்று பிரித்தறிய முடியவில்லை. ஐந்தாவது சுற்று இறங்கிக்கொண்டிருந்தது. கடைசித் திருப்பத்தில் யாரும் யாரோடும் மாறுவதில்லை. கஜந்தியின் மூன்றும் நான்கும் தமக்குள் மாறிக்கொள்ளும். அக்காவின் ஐந்தும் ஆறும் தமக்குள். அதுவரைக்கும் ஒருவரோடொருவர் பின்னிப் பிணைந்து வந்துவிட்டு, அந்த இடத்தில் அவரவர் தம் இரண்டு கைகளோடு தனியே. சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. கஜந்தி தன் கைகளைப் பார்த்தாள். மாறியது. எதிரே ஐந்தும் ஆறும் மாறுவதைக் காதால் கேட்டாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

"அவ்வளவுதான்," என்றாள் ஆரணி. குரல் தெளிவாக இருந்தது.

வரிசை கூடிவிட்டாலும் மணிகள் உடனே ஓய்வதில்லை. நடத்துபவர் நில் என்று சொல்லும்வரை அப்படியே ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் அடித்துக்கொண்டிருக்கவேண்டும். முன்பு எத்தனையோ தடவை ஆரணி நில் என்று அவசரமாகச் சொல்லியிருக்கிறாள், கறி அடுப்பில், யாரோ வாசலில். இன்று அவள் சொல்லவில்லை. சாய்ந்து, கண்களை மூடி, ஐந்தையும் ஆறையும் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டிருந்தாள். மக்டலீனின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. அவர்கள் சுற்றிச் சுற்றி அடித்தார்கள். மேலே ஓர் அடி, கீழே ஓர் அடி.

ஆறு பிந்தியது. அடுத்த முறை ஆறு இல்லை. ஐந்து மட்டும் ஒரு தடவை, மெல்ல. பிறகு மணி போர்வையின்மேல் சரிந்து, நாக்கு ஒருமுறை உள்ளே முட்டி, படுத்துக்கொண்டது.

மக்டலீன் இன்னும் இரண்டு வரிசை அடித்தார். பின் தன் மணிகளைத் துவாயில் வைத்துவிட்டு எழுந்தார். ஆரணியின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்து, குனிந்து, முகத்தருகே காதைக் கொடுத்து நெடுநேரம் நின்றார். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினார். நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். பிறகு போய் ஒட்சிசன் பெட்டியை நிறுத்தினார். அறையில் இருந்த இரைச்சல் போய்விட்டது.

"கஜந்தி."

மூன்று. நான்கு.

"போட்டா, பிள்ளை. பாடுபடாமல் போட்டா. நிப்பாட்டு."

கீழே தெருக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பெட்டியின் சில்லுகள் ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு வந்தன. சிறீதரனின் குரல், மெதுவா, மெதுவா என்றது. இன்னொரு காலடி அவரை முந்திக்கொண்டு ஏறியது.

"பிள்ளை வருது," என்றார் மக்டலீன். அவள் தோளில் கை வைத்தார். "நான் கதவடியில மறிச்சுச் சொல்லுறன். நீ உதை வைச்சிட்டு அக்காவின்ர கையை நேராக்கு. நிப்பாட்டு, ராசாத்தி."

கஜந்தி தலையை இரண்டு பக்கமும் மெல்ல அசைத்தாள். மூன்றை அடித்தாள், நான்கை அடித்தாள். ஐந்துக்கும் ஆறுக்கும் இடம் விட்டாள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடம் விட்டாள். பிறகு மூன்றை உயர்த்தினாள்.